தாத்தா போலந்துக்காரர் என்றால்: குடியுரிமையா, கார்த்தா போலாகாவா, நேரடி பி.ஆரா?

போலந்து வேர் உள்ள குடும்பங்களில், அந்த வேரை வைத்துப் போலந்துக் குடியுரிமையோ அங்கே வசிக்கும் உரிமையோ பெறும் பேச்சு எடுத்தவுடன் வரும் முதல் கேள்வி, "எது சீக்கிரம் முடியும்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தொடங்கியவர்கள் பலர் பணத்தையும் வருடங்களையும் தொலைத்திருக்கிறார்கள். கடையில் அடுக்கி வைத்த சாமான்களில் பிடித்ததை எடுத்துக்கொள்வது மாதிரி இந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. குடியுரிமை உங்களுக்கு ஏற்கனவே இருந்தால் மற்ற வழிகள் சட்டப்படியே மூடிவிடும்.

நிரந்தரக் குடியிருப்பு அனுமதி, அதாவது பி.ஆர்., வெளிநாட்டவருக்கு மட்டுமே தரப்படுவது. கார்த்தா போலாகா எனப்படும் போலந்து வம்சாவளி அட்டையும் அப்படித்தான். போலந்துக் குடியுரிமை உள்ளவர் அதை வாங்க முடியாது. ஆனால் கனடாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர், தங்களுக்கே தெரியாமல், பிறந்த நாள் முதல் போலந்துக் குடிமக்களாக இருக்கிறார்கள். அவர்கள் பி.ஆர். விண்ணப்பம் எழுதுவது, சொந்த வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடும் வேலை. ஆக முதலில் கேட்க வேண்டியது, "நான் ஏற்கனவே குடிமகனா?" என்று. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரே வீடு, மூன்று கிளைகள்

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கு போலந்தில் தார்னூவ் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1918 வரை அந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. கலீசியா என்று பெயர். அந்த வீட்டின் பெரியப்பா 1907-இல் சிகாகோ போகிறார், 1916-இல் அமெரிக்கக் குடியுரிமை பெறுகிறார். அவருடைய தம்பிக்கு 1909-இல் பிறந்த பையன் 1929-இல் கனடா போகிறான், 1938-இல் அங்கே குடியுரிமை வாங்குகிறான், 1940-இல் அவனுக்கு ஒரு மகன். அவன் தங்கை 1930-இல் அதே கனடாவுக்குப் போய், 1935-இல் ஒரு கனடாக்காரரை மணக்கிறாள். அவளுக்கு 1941-இல் ஒரு மகன். இன்று மூன்று பேருடைய பேரப்பிள்ளைகளும் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். கிடைக்கும் பதில் ஒன்றல்ல.

பெரியப்பாவின் கதை சட்டென்று முடிந்துவிடுகிறது. 1795-க்கும் 1918-க்கும் இடையில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. போலந்தின் முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 31 அன்று. அதற்கு முன்பே அமெரிக்கர் ஆகிவிட்ட பெரியப்பா, சட்டக் கண்ணில் ஒருநாளும் போலந்துக் குடிமகனாக இருந்ததில்லை. இல்லாததைப் பேரனுக்குக் கைமாற்ற முடியாது. ஆனாலும் அவர் போலந்துக்காரர்தான் என்பதை யாரும் மறுக்கவில்லை. அது வேறொரு கதவைத் திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பிறகு வருவோம்.

தங்கையின் நிலைமைதான் மனதை உறுத்துவது. அவள் போலந்துக் குடிமகளாகவே கப்பல் ஏறினாள். ஆனால் 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்து கணவரின் குடியுரிமையைப் பெற்ற பெண் தன்னுடையதை இழந்துவிடுவாள். போதாததற்கு, முறைப்படி மணந்த தம்பதியின் குழந்தைக்கு அப்பாவின் குடியுரிமைதான் வரும். அம்மாவுடையது, மணமாகாமல் பிறந்த குழந்தைக்கு மட்டுமே. 1951 ஜனவரி 19 அன்று புதிய சட்டம் வந்த பிறகுதான் தாயும் தந்தையும் சமமானார்கள். அதற்கு முன் நடந்தவை அந்தக் காலச் சட்டப்படியே இன்றும் அளக்கப்படுகின்றன. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி. இதில் நியாயம் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுமுன் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அண்ணனுக்கு வருவோம். 1938-இல் கனடாவில் குடியுரிமை வாங்கியவுடன் போலந்துக் குடியுரிமை போயிருக்க வேண்டும். 1920 சட்டத்தின் 11-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. ராணுவக் கடமை உள்ள ஆண், அந்தக் கடமையிலிருந்து முறையாக விடுவிக்கப்படாமல் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால், போலந்தின் பார்வையில் அவன் தொடர்ந்து போலந்துக் குடிமகனே. ராணுவத்துக்கு ஆள் குறையக் கூடாது என்று எழுதப்பட்ட வரி அது. இன்று உலகம் முழுக்கப் பல குடும்பங்களின் குடியுரிமைச் சங்கிலி அறுபடாமல் நிற்பது அந்த வரியால்தான். 1938-இல் 29 வயதில் இருந்த அண்ணன் அதற்குள் வருகிறார். 1940-இல் பிறந்த மகனுக்கு அப்பா வழியாகக் குடியுரிமை போகிறது. அந்த மகனுடைய பிள்ளைகள் 1951-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கும் சங்கிலி நீள வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

கனடாவில் அடிக்கடி தடுக்கி விழ வைக்கும் இன்னொரு இடம் உண்டு. 1951 சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன் போலந்துக் குடியுரிமை வைத்திருந்து வெளிநாட்டில் நிரந்தரமாக வசித்த உக்ரைனியர், பெலாருஸியர், லித்துவேனியர், ரஷ்யர் முதலியோரையும், எல்லை மாற்றத்தால் வேறு நாட்டுக் குடிமக்கள் ஆனவர்களையும் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதனால் கிழக்குக் கலீசியாவிலிருந்து வந்த உக்ரைனியத் தாத்தா 1930-களின் போலந்துப் பாஸ்போர்ட்டையே வைத்திருந்தாலும், பேரன் கையில் ஒன்றும் இல்லாமல் போகக்கூடும். பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது என்று சந்தோஷப்படுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

குடியுரிமை உறுதிப்படுத்தல்: காகிதத்தின் வழி

சங்கிலி அறுபடவில்லை என்று தோன்றினால் செய்ய வேண்டியது குடியுரிமையை உறுதிப்படுத்தக் கேட்பது. இது புதிதாகக் குடியுரிமை தரும் முடிவு அல்ல. ஏற்கனவே இருப்பதை மாகாண ஆளுநர் அலுவலகம் ஒரு தீர்மானமாக எழுதித் தருகிறது. போலந்தில் ஒருபோதும் வசிக்காதவர்களின் விண்ணப்பம் வார்சாவில் உள்ள மசோவியா மாகாண அலுவலகத்துக்குப் போகும். தூதரகம் வழியாகவும் அனுப்பலாம். மறுத்தால் உள்துறை அமைச்சருக்கு மேல்முறையீடு, அதற்கப்புறம் நிர்வாக நீதிமன்றம்.

இதில் போலிஷ் மொழி தெரிய வேண்டியதில்லை. போலந்தில் குடியேறுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தேசிய கீதம் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பதெல்லாம் காகிதம். அந்தக் காகிதம்தான் கஷ்டம்.

பலர் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். போலந்தில் பிறந்தார் என்பதற்கு அது சாட்சி; போலந்துக் குடிமகனாக இருந்தார் என்பதற்கு அது மட்டும் போதாது. 1920-இல் யார் குடிமகன் ஆனார் என்பது எந்தப் பேரரசின் பகுதியில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவின் கீழ் இருந்த போலந்து முடியரசில் நிரந்தர மக்கள் பதிவேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆஸ்திரியப் பகுதியில் ஏதாவது ஒரு ஊராட்சியில் ஊர் உரிமை, அதாவது அந்த ஊரைச் சேர்ந்தவர் என்ற சட்ட உரிமை, இருந்திருக்க வேண்டும். பிரஷ்யப் பகுதியில் 1908-க்கு முன்பிருந்தே அங்கே நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும். ஆகவே தேட வேண்டியது மக்கள் பதிவேட்டு நகல், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பாஸ்போர்ட், ராணுவச் சேவைப் புத்தகம், வாக்காளர் பட்டியல் போன்றவை. இவற்றில் ஒன்று கிடைத்தால் விண்ணப்பத்தின் பலமே வேறு.

தேடும் இடங்களும் சிதறிக் கிடக்கின்றன. பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டு வரையும், திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டு வரையும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதற்கு மேல் பழையவை அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். இன்று உக்ரைனிலும் பெலாருஸிலும் இருக்கும் பழைய கிழக்குப் பகுதிகளின் பதிவேடுகளில் மிஞ்சியவை பல வார்சாவில் உள்ள பழைய ஆவணங்களின் மத்தியக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசு காப்பகங்களின் இணையத் தேடல் தளமும், தன்னார்வலர்கள் பெயர்களைப் பட்டியலிட்டிருக்கும் கெனெதேகா தளமும் இலவசம். முகவருக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.

கலீசியாவின் திருச்சபைப் பதிவேடு ஒன்றைத் திறந்தால், லத்தீனில் தலைப்பிட்ட கட்டங்கள் வரிசையாக வரும். பிறந்த நாள், வீட்டு எண், குழந்தையின் பெயர், மதம், ஆணா பெண்ணா, பெற்றோர், ஞானப் பெற்றோர், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர் வரை எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு குறுகிய கட்டம்: குழந்தை முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்ததா இல்லையா என்று ஒரு சிறு கோடு. வம்சாவளி தேடுபவர் கண் அதன் மேல் நிற்காது. ஆனால் குடியுரிமை அப்பா வழி வந்ததா, அம்மா வழி வந்ததா என்பதை 1920 சட்டத்தின்படி அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது. குறிப்பாகக் கலீசியாவின் யூதக் குடும்பங்களில் பலர் மதச் சடங்குப்படி மட்டும் மணந்து, அரசிடம் பதிவு செய்யாமல் விட்டார்கள். அரசுப் பதிவேட்டில் அவர்களுடைய பிள்ளைகள் மணமாகாத தாயின் பிள்ளைகள். நூறு வருடத்துக்கு முன் அவமானமாகப் பட்டிருக்கக்கூடிய அந்தக் குறி, இன்று ஒரு பேத்தியின் சங்கிலியைக் காப்பாற்றவும் கூடும், அறுக்கவும் கூடும்.

ரஷ்யப் பகுதிப் பதிவுகள் வேறு மாதிரி. 1868-க்குப் பிறகு அவை ரஷ்ய மொழியில், கட்டங்கள் இல்லாமல், ஒரு முழு வாக்கியக் கதையாக எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் பெயர்கள் போலிஷிலும் இருக்கலாம். ரஷ்யா பழைய நாட்காட்டியில் இருந்ததால் இரண்டு தேதிகள் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம். கனடா ஆவணத்தில் ஒரு தேதி, போலந்து ஆவணத்தில் வேறொரு தேதி என்று பதற வேண்டாம், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெயரும் மாறியிருக்கும். ஸ்தனிஸ்வாவ் கப்பலிலிருந்து இறங்கிய பின் ஸ்டான்லி ஆகியிருப்பார், வ்வாதிஸ்வாவ் வால்டர் ஆகியிருப்பார். இருவரும் ஒரே ஆள் என்று காட்டுவதே சில விண்ணப்பங்களில் பாதி வேலை.

வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்குப் பெரும்பாலும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும்; ஆவணம் உண்மையானது என்று அதைத் தந்த நாடு வைக்கும் முத்திரை அது. போலந்து நீதி அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். அப்போஸ்டில் உடன்படிக்கை கனடாவில் நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரியில்தான். அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கார்த்தா போலாகா: மொழியின் வழி

சரி, சங்கிலி அறுந்துவிட்டது. தங்கையின் பேத்திக்கு என்ன வழி? என்னைக் கேட்டால், அவளுக்குக் கார்த்தா போலாகாதான்.

2007-இல் சட்டமாகி 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்த அட்டை, முதலில் பழைய சோவியத் நாடுகளில் வசித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2019 ஜூலையிலிருந்து உலகில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகளில் இரண்டு பேரோ போலந்து இனத்தவராக அல்லது போலந்துக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். "அல்லது" என்பதைக் கவனியுங்கள். தங்கை 1935-இல் குடியுரிமை இழந்தாள் என்பது இங்கே தடையே இல்லை. ஒரு காலத்தில் வைத்திருந்தாள் என்பதே போதும். பெரியப்பாவின் பேரனும், அவர் போலந்து இனத்தவர் என்று காட்ட முடிந்தால், உள்ளே வருகிறான். வேர் அவ்வளவு நெருக்கமாக இல்லாதவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு: கடந்த 3 ஆண்டுகளாகப் போலிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் முனைந்து உழைத்ததாக, அங்கீகாரம் பெற்ற போலந்து அமைப்பு ஒன்றின் சான்று. 1890-களில் பிரேசிலின் பரானா பக்கம் குடியேறியவர்களின் வழிவந்தவர்களுக்குத் தலைமுறைக் கணக்கு நீண்டுபோவதால், இந்த வாசல் முக்கியமாகிறது.

காகிதம் இங்கே குறைவு. பதிலுக்கு ஆளே நேரில் போய் நிற்க வேண்டும். தூதரகத்தில் கான்சல் எனப்படும் அதிகாரி முன் உட்கார்ந்து போலிஷ் மொழியில் பேச வேண்டும், போலந்து மக்களில் தானும் ஒருவர் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். கேள்விகள் மிரட்டும்படி இருக்காது. உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது, வீட்டில் எந்தப் பண்டிகை கொண்டாடுவீர்கள், மே 3-ஆம் தேதி ஏன் விடுமுறை, நவம்பர் 11 என்ன நாள் என்ற ரீதியில் போகும். 1791-இன் அரசியலமைப்பும் 1918-இன் விடுதலையும் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சும்மா ஒப்பிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும்: முதல் விண்மீன் தெரிந்த பின்தான் சாப்பாடு, அதற்கு முன் ஒபுவாதெக் என்ற மெல்லிய அப்பத்தை ஆளாளுக்கு உடைத்துப் பகிர்ந்து வாழ்த்துவது, இறைச்சி இல்லாத 12 வகை உணவு, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக மேசையில் ஒரு காலி இடம். பாட்டி வீட்டில் இதைப் பார்த்து வளர்ந்தவர், இலக்கணம் கொஞ்சம் தப்பாகப் பேசினாலும் தடுமாறமாட்டார். மனப்பாடம் செய்து வந்தவர் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவார்.

அட்டை 10 ஆண்டுக்குச் செல்லும். அது விசாவும் இல்லை, குடியிருப்பு அனுமதியும் இல்லை. ஆனால் அதை வைத்து நீண்ட காலத் தேசிய விசாவைக் கட்டணமின்றி வாங்கலாம், தனி வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம், போலந்துக்காரர்களைப் போலவே தொழில் தொடங்கலாம், படிக்கலாம். அதைவிடப் பெரியது, அட்டை இருந்து, போலந்தில் நிரந்தரமாக வசிக்கும் எண்ணமும் இருந்தால் பி.ஆருக்கு உடனே விண்ணப்பிக்கலாம்; இத்தனை வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குடியேறும் தொடக்க காலத்துக்கு 9 மாதம் வரை அரசு உதவித்தொகையும் கேட்கலாம். பி.ஆர். கிடைத்தவுடன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் ஓராண்டு தொடர்ந்து வசித்து, பி1 எனப்படும் இடைநிலை மொழித் தேர்ச்சிச் சான்றிதழும் இருந்தால், குடியுரிமை கேட்கலாம். சாதாரண வேலை விசாவில் வந்த ஒருவர் இதே இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

நேரடியாக வம்சாவளி பி.ஆர்.

1997-ஆம் ஆண்டு போலந்து அரசியலமைப்பின் 52-ஆம் பிரிவு, போலந்து வம்சாவளி சட்டப்படி உறுதியானவர் அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியேறலாம் என்று சொல்கிறது. வெளிநாட்டவர் சட்டம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. அட்டையே வாங்காமல், போலந்து வம்சாவளியினர் என்று சொல்லி மாகாண அலுவலகத்தில் நேராக பி.ஆர். கேட்கலாம். முன்னோர் கணக்கு ஏறக்குறைய அதே அளவுதான். போலந்துத் தன்மையோடு உள்ள பிணைப்பையும் காட்ட வேண்டும். கிடைக்கும் பி.ஆரும் ஒன்றே, ஓராண்டில் குடியுரிமை கேட்கும் உரிமையும் ஒன்றே.

அப்படியானால் எதற்கு அட்டை? இங்கே என் கருத்து உறுதியானது. ஏற்கனவே போலந்தில் படித்துக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்பவர், ஆவணங்கள் கையில் தயாராக இருப்பவர், நேரடி வழியில் போகட்டும். தூதரகத்துக்காக நாடு திரும்பும் அலைச்சல் மிச்சம். வெளியில் இருப்பவர் அட்டையை முதலில் வாங்குவதே நல்லது. ஏனென்றால் நேரடி வழியில் வம்சாவளியே சரிதானா என்ற விசாரணை பி.ஆர். விண்ணப்பத்துக்குள்ளேயே நடக்கும். வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, குழந்தைகளைப் பள்ளி மாற்றி வந்த பிறகு, "உங்கள் பாட்டியின் இனத்துக்குச் சான்று போதவில்லை" என்று பதில் வந்தால் எங்கே போவது? அட்டை இருந்தால் அந்தக் கேள்வி ஊரை விட்டுக் கிளம்புமுன்பே முடிந்துவிடுகிறது. மாகாண அலுவலகம் முக்கியமாகப் பார்ப்பது, குடியேறும் எண்ணம் உண்மையா என்பதை: வாடகை ஒப்பந்தம், வேலை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை.

சிலருக்கு மட்டும் பொருந்தும் வழிகள்

தாயகம் திரும்புவோர் விசா என்று ஒன்று இருக்கிறது. அது 2001-க்கு முன் கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளிலும் ரஷ்யாவின் ஆசியப் பகுதியிலும் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கானது. 1936-லும் 1940-41-லும் ஸ்டாலின் ஆட்சி ரயில் பெட்டிகளில் அடைத்து நாடு கடத்திய குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த விசாவில் வருபவர் எல்லையைத் தாண்டும் அன்றே குடியுரிமை பெறுகிறார். தகுதி உள்ளவர்களுக்கு இதைவிட நல்லது வேறில்லை. மற்றவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

1940-41 நாடுகடத்தலில் தப்பிய ஒரு பகுதியினர் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஜாம்நகர் அருகே பாலாசடியில் குழந்தைகள் முகாமும், கோலாப்பூர் அருகே வாலிவடேயில் சுமார் 5,000 பேர் இருந்த குடியிருப்பும் 1940-களில் இயங்கின. அங்கிருந்து பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பிரிந்து போனார்கள். அவர்கள் போருக்கு முன் போலந்துக் குடிமக்கள். புதிய நாட்டில் குடியுரிமை வாங்கியது 1951-க்குப் பிறகு என்றால் பழையது தானாகப் போயிருக்காது. அப்படிப்பட்ட பாட்டி உள்ள குடும்பம், அட்டை பற்றி யோசிக்குமுன் உறுதிப்படுத்தலைத்தான் பார்க்க வேண்டும்.

தாங்களே குடியுரிமையை இழந்து இன்னும் உயிரோடு இருக்கும் பெரியவர்கள், 1999-க்கு முன் இழந்திருந்தால், அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது அவர்களுக்கு மட்டும், வளர்ந்த பிள்ளைகளுக்குப் போகாது. ஜனாதிபதியிடம் நேராகக் குடியுரிமை கேட்பதும் உண்டு. அவர் யாருக்கும் தரலாம், காரணம் சொல்லாமல் மறுக்கலாம், மேல்முறையீடு கிடையாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது.

கையில் கிடைப்பது என்ன

குடியுரிமை உறுதியானவர் நாளையே டப்ளினிலோ பெர்லினிலோ வேலைக்குப் போகலாம். பி.ஆர். உள்ளவருக்கு அந்த உரிமை இல்லை. எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கப் போகலாம், அவ்வளவுதான். வாழ்வும் வேலையும் போலந்தில்தான். "ஐரோப்பா பி.ஆர்." என்று விற்கும் முகவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. போலந்தில் வாழ மனமில்லாதவர் பி.ஆருக்குப் போவதில் அர்த்தமே இல்லை. தொடர்ந்து 6 ஆண்டுக்கு மேல் போலந்தை விட்டு வெளியே இருந்தால் அந்த அனுமதியும் ரத்தாகும். குடியுரிமைக்கு அப்படி ஒரு கெடு இல்லை, அது பிறக்கும் பிள்ளைகளுக்கும் போகும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறுகிறது. போலந்துக்கு இரட்டைக் குடியுரிமை பிரச்சினை இல்லை, இந்தியாவுக்கு உண்டு. வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், பிறகு இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைதான். கார்த்தா போலாகாவோ பி.ஆரோ இந்தியக் குடியுரிமையைத் தொடுவதில்லை. அம்மா போலந்து வழி, அப்பா தமிழர் என்று இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு விஷயமே முடிவைப் புரட்டிப் போடலாம். இலங்கையில் விண்ணப்பித்து அனுமதி பெற்று இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ள முடியும் என்பதால் அங்கே இவ்வளவு நெருக்கடி இல்லை.

போலந்து வழிவந்தவரை மணந்த தமிழர்கள் கேட்பது, "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று. வம்சாவளி வழியாக ஒன்றும் கிடைக்காது, திருமணம் வழியாகத்தான். துணைவர் போலந்துக் குடிமகன், இருவரும் போலந்தில் வாழ்கிறீர்கள் என்றால் முதலில் தற்காலிக அனுமதி. திருமணமாகி 3 ஆண்டு, அந்த அனுமதியில் தொடர்ந்து 2 ஆண்டு ஆன பின் பி.ஆர். கேட்கலாம். அதே தம்பதி ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ குடியேறினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நடமாட்டச் சட்டம் பொருந்தும். துணைவருக்கு அங்கே வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை வரும், 5 ஆண்டில் நிரந்தர உரிமையும் வரும். துணைவர் வெறும் பி.ஆர். வைத்திருந்தால் இந்த இரண்டாவது வழி கிடையாது. ஆகவே கல்யாணமானவர்கள் இந்த ஒப்பீட்டை இருவருக்கும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

சமீப ஆண்டுகளில் போலந்தில் குடியேற்ற விதிகள் இறுகிக்கொண்டு வருகின்றன. 2024 அக்டோபரில் அரசு ஏற்ற புதிய குடியேற்றக் கொள்கையின் போக்கே அதுதான். கட்டணம், படிவம் போன்றவற்றை விண்ணப்பிக்கும் சமயத்தில் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் இல்லாத இடத்தில் வேர் செய்து தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள்; பொய்யான தகவலில் பெற்ற அட்டையைப் பின்னாளிலும் ரத்து செய்வார்கள், கூடவே அதன்மேல் கட்டிய பி.ஆரும் ஆடிப்போகும்.

காப்பகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் போலிஷ் படிக்கத் தொடங்கிவிடுங்கள். ஏழு வேற்றுமைகள் உள்ள மொழி. எட்டு வேற்றுமையைப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நமக்கு அது புது விஷயம் ஒன்றும் இல்லை. சங்கிலி அறுபடவில்லை என்று தெரிந்தால் படித்தது உபரி. அறுந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே கான்சல் சந்திப்புக்கு நேரம் கேட்கலாம். பி1 தேர்வுக்கும் பாதித் தூரம் வந்திருப்பீர்கள்.